ஒட்டிய தோல் எப்போது நம் தோலாகும்?

சென்ற இதழில் தீக்காயச் சிகிச்சை பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில், புண் எப்படி ஆறுகிறது, சில புண்கள் ஏன் ஆறாமலே நிற்கின்றன என்ற கேள்வியே பல உருவங்களில் வந்திருக்கிறது. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, ஏழு கடிதங்களுக்கு ஒட்டுறுப்பு (பிளாஸ்டிக்) அறுவை சிகிச்சை மருத்துவன் என்ற முறையில் இங்கே விடை எழுதுகிறேன். உங்கள் உடம்புக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை உங்களை நேரில் பார்க்கும் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்; அந்த முடிவின் காரணத்தைப் புரிந்துகொள்ள இந்த விடைகள் உதவினால் போதும்.

கேள்வி: தீ விபத்தில் என் தம்பியின் வலது கையும் மார்பும் வெந்துபோயின. தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். ஐந்து நாட்களுக்குக் கட்டைப் பிரிக்கவே விடவில்லை. ஒட்டிய இடத்தைவிடத் தோல் எடுத்த தொடைதான் அதிகம் வலிக்கிறது என்கிறான். வேறோர் இடத்துத் தோல் இங்கே எப்படி உயிர் பிடிக்கிறது? (வாசகர், சிவகாசி)

பதில்: தொடையிலிருந்து சீவி எடுக்கப்படும் தோல் மிக மெல்லியது. ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு கனமே இருக்கும். விரலின் மேல் விரித்துப் பிடித்தால் அடியிலிருக்கும் விரலின் நிறம் தெரியும். சீவிய நொடியிலேயே அதன் இரத்த ஓட்டம் நின்றுவிடுகிறது. புண்ணின் மேல் பரப்பி வைத்த பிறகு, முதல் இரண்டு நாட்கள் அது அடியிலிருந்து கசியும் நீரை உறிஞ்சியே பிழைத்துக் கிடக்கிறது. மூன்றாம் நாள் வாக்கில், அந்தத் தோலுக்குள் அறுபட்டுக் கிடக்கும் நுண்ணிய இரத்தக் குழாய்களின் வாய்களோடு, புண்ணின் தளத்திலிருந்து முளைத்து வரும் குழாய்கள் வந்து இணையத் தொடங்குகின்றன. ஐந்தாம் ஆறாம் நாளில் இரத்தம் ஒழுங்காக ஓடுகிறது. வார்டில் நாங்கள் ‘தோல் பிடித்துவிட்டது’ என்று சொல்வது இந்த நிலையைத்தான்.

ஐந்து நாள் கட்டைத் தொடாமல் வைத்ததற்கு இதுவே காரணம். இணையத் தொடங்கிய குழாய்கள் தலைமுடியைவிட மெல்லியவை. தோல் ஓர் இழை நகர்ந்தாலும் அவை அறுந்துவிடும். தோலுக்கு அடியில் இரத்தமோ நீரோ தேங்கினால், குழாய்கள் வந்து சேர வழியில்லாமல் அந்தப் பகுதி கறுத்துப் போகும். தம்பியின் கையில் ஒட்டிய தோலில் வலை போலச் சிறு சிறு கட்டங்கள் தெரிகின்றனவா என்று பாருங்கள். அடியில் தேங்கும் நீர் வெளியேறவும், குறைந்த தோலைக் கொண்டு பெரிய இடத்தை மூடவும் வேண்டி, தோலை ஓர் இயந்திரத்தில் கொடுத்துத் துளையிட்டு விரிக்கிறோம். அந்தத் துளைகளின் ஓரங்களிலிருந்து தோல் உயிரணுக்கள் நகர்ந்து வந்து இடைவெளியை நிரப்பிவிடுகின்றன, ஆனால் கட்டங்களின் தடம் பல ஆண்டுகள் மறைவதில்லை.

ஐந்தாம் நாள் கட்டைப் பிரிப்பது எங்கள் தொழிலில் மிகவும் பொறுமை வேண்டிய வேலை. உப்பு நீரை ஊற்றி ஊற்றி, ஒட்டிக்கொண்ட காஸ் துணியை நனைத்து, ஓர் ஓரத்திலிருந்து மெல்ல உரிக்க வேண்டும்; அவசரப்பட்டால் துணியோடு தோலும் வந்துவிடும். அடியில் இளஞ்சிவப்பு நிறம் தெரிந்து, விரலால் அழுத்தினால் வெளுத்து, விட்டதும் நிறம் திரும்பினால் தோல் பிடித்துவிட்டது என்று பொருள். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த நிறம் திரும்பும் வரை எனக்கு மூச்சு ஒரு கணம் நின்றுதான் வருகிறது.

தொடை வலிப்பது இயற்கை. வெந்த இடத்தில் ஆழமான தீக்காயம் நரம்பு முனைகளையும் எரித்துவிட்டிருக்கும். தொடையிலோ மேல்தோலைச் சீவிவிட்டதால் உயிரோடு இருக்கும் நரம்பு முனைகள் திறந்து கிடக்கின்றன. அங்கே எஞ்சியிருக்கும் மயிர்க்கால்களிலும் வியர்வைச் சுரப்பிகளிலும் உள்ள உயிரணுக்கள் பெருகி, 10 முதல் 14 நாட்களில் புதிய மேல்தோலைப் பரப்பிவிடும். ஒட்டிய தோலில் எண்ணெய்ச் சுரப்பிகள் இல்லாததால் அது வறண்டு வெடிக்கும். முழுவதும் ஆறியபின் தினமும் தேங்காய் எண்ணெய் தடவி நீவி விடுங்கள். மெல்லிய தோல் சுருங்கும் இயல்புடையது. ஆகவே மருத்துவமனையில் கொடுத்த பட்டையையும் அழுத்த உடையையும், கை நன்றாக இருக்கிறது என்று எண்ணி இடையில் விட்டுவிட வேண்டாம்.

கேள்வி: புண்ணைக் கட்டி வைத்தால் புழுங்கிச் சீழ் பிடிக்கும், திறந்து விட்டால் காற்றோட்டத்தில் சீக்கிரம் காயும் என்கிறார் மாமியார். எங்கள் மருத்துவரோ கட்டியே வைக்கச் சொல்கிறார். தீச்சுட்ட இடத்தில் மஞ்சள் தூள் வைப்பதும் எங்கள் வீட்டு வழக்கம். எது சரி? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: உங்கள் மாமியார் சொல்வதைத்தான் 1960 வரை மருத்துவர்களும் பெரும்பாலும் நம்பினார்கள். 1962இல் பிரிட்டன் ஆய்வாளர் ஜார்ஜ் வின்டர், பன்றிகளின் தோலில் ஆழமில்லாத ஒரே அளவுக் காயங்களை உண்டாக்கி, சிலவற்றைக் காற்றுப்பட விட்டார். சிலவற்றை மெல்லிய பாலிதீன் தாளால் மூடினார். மூடிய காயங்களில் மேல்தோல் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் வளர்ந்து மூடியது. காரணம் எளியது. காற்றில் விட்ட புண்ணின் மேற்பரப்பு காய்ந்து பொருக்கு தட்டுகிறது. ஓரத்திலிருந்து நகர்ந்து வரும் தோல் உயிரணுக்கள் அந்தக் காய்ந்த பகுதியைக் கடக்க முடியாமல், அதற்கும் கீழே ஈரம் இருக்கும் ஆழம்வரை குடைந்து சென்று, அங்கே வழி உண்டாக்கிக்கொண்டு நகர வேண்டியிருக்கிறது. ஈரமான புண்ணிலோ அவை மேற்பரப்பிலேயே வழுக்கிக்கொண்டு வந்து சேர்கின்றன. இன்று நாங்கள் பயன்படுத்தும், ஈரம் காக்கும் புதிய கட்டுப் பொருள்கள் பெரும்பாலும் அந்தப் பரிசோதனையின் வழி வந்தவையே. ஈரம் என்றால் ஊறிப்போவது என்று பொருள் கொள்ள வேண்டாம். நீர் அதிகம் வடியும் புண்ணுக்கு அதை உறிஞ்சும் கட்டு தேவை.

மஞ்சளில் உள்ள குர்குமின் குறித்து ஆய்வகங்களில் நிறைய வேலை நடந்திருக்கிறது என்பது உண்மை. ஆனால் அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் தூள் கிருமி நீக்கப்பட்டதன்று. மேலும், மஞ்சளோ காப்பித் தூளோ பற்பசையோ அப்பிய நிலையில் ஒரு குழந்தையைக் கொண்டுவந்தால், காயம் எவ்வளவு ஆழம் என்று பார்க்கும் முன் அதையெல்லாம் கழுவி எடுக்க வேண்டியிருக்கிறது. குழந்தை படும் அந்த இரண்டாவது வேதனையை வார்டில் நின்று பார்த்தவர் யாரும் பிறகு எதையும் அப்பச் சொல்லமாட்டார். தீச்சுட்டவுடன் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ் வைக்க வேண்டாம். பின் சுத்தமான துணியால் மூடி மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: பிளாஸ்டிக் சர்ஜரியில் பிளாஸ்டிக் வைக்கிறார்களா? (மாணவர், திண்டிவனம்)

பதில்: இல்லை. வடிவம் கொடுத்தல் என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. பிளாஸ்டிக் என்ற பொருள் பிறப்பதற்கு முன்பே வழக்கில் இருந்தது. இந்தத் துறையின் மிகப் பழைய அறுவைகளில் ஒன்று நம் நாட்டில் நெடுங்காலமாக நடந்து வந்தது. மைசூர்ப் போரில் ஆங்கிலேயப் படைக்கு வண்டி மாடு ஓட்டிய கவாஸ்ஜி என்பவரின் மூக்கை திப்பு சுல்தானின் ஆட்கள் அறுத்துவிட்டனர். புனேயில் அவருக்கு நெற்றித் தோலைக் கொண்டு புது மூக்கு செய்யப்பட்டதைப் பற்றி 1794 அக்டோபரில் லண்டன் இதழ் ஒன்று படத்துடன் கடிதம் வெளியிட்டது. மெழுகுத் தகட்டால் அச்செடுத்து, அதை நெற்றியில் பரப்பி அளவு குறித்து, தோலை உரித்து, இரண்டு புருவங்களுக்கு இடையே ஒரு பாலத்தை மட்டும் அறுக்காமல் விட்டு, கீழே திருப்பி வைத்தார்கள். தையல் இல்லை, வெற்றிலையோடு மெல்லும் காசுக்கட்டியைக் குழைத்துத் துணியில் தடவி ஒட்டினார்கள். மூன்று வாரங்களுக்கு மேல் கழித்துத்தான் பாலத்தை அறுத்தார்கள். அந்தப் பாலத்தின் வழியாக இரத்தம் தொடர்ந்து ஓடியதால், சிவகாசி வாசகரின் தம்பிக்கு ஒட்டிய தோலைப்போல அது நீரை உறிஞ்சிப் பிழைக்க வேண்டிய நிலை வரவில்லை. இரத்தக் குழாயோடு சேர்த்து நகர்த்தும் இத்தகைய தோலை நாங்கள் மடல் என்கிறோம். அந்தக் கடிதத்தைப் படித்த ஜோசப் கார்ப்யூ என்ற அறுவை மருத்துவர் 1814இல் லண்டனில் அதே அறுவையைச் செய்தார்.

கேள்வி: என் தந்தைக்குப் பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். காலில் கட்டைவிரலுக்கு அடியில் ஆணி போல இருந்ததை பிளேடால் சீவினார். அது புண்ணாகி எட்டு மாதமாக ஆறவில்லை. வலியே இல்லை என்று தினமும் கடைக்கு நடந்தே போகிறார். வளர்ச்சிக் காரணி ஜெல் என்று ஒன்றைச் சொல்கிறார்கள், விலை அதிகம். வாங்கித் தடவலாமா? (வாசகர், ஆம்பூர்)

பதில்: உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது: வலியே இல்லை, தினமும் நடந்தே போகிறார்.

உங்கள் ஊருக்கு அருகிலுள்ள வேலூரில்தான் இந்த உண்மை தெளிவாக நிலைநாட்டப்பட்டது. 1914இல் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைவிரல்களைத் தசைநாண்களை மாற்றிவைத்து நிமிர்த்தும் அறுவைகளைச் செய்தார். அந்த நாளில், தொழுநோயாளியின் சதை கெட்ட சதை, அதில் புண் ஆறாது என்று மருத்துவர்களே நம்பினார்கள். பிராண்ட் அப்படி இல்லை என்று கண்டார். அறுவை செய்த இடம் மற்றவர்களுக்குப் போலவே அவர்களுக்கும் ஆறியது. பிறகு ஏன் விரல்கள் தேய்கின்றன? சிலருக்கு இரவோடிரவாக விரலில் சதை காணாமல் போனதை ஆராய்ந்தபோது, தூங்கும்போது எலிகள் கடித்ததே காரணம் என்று தெரிந்தது. உணர்ச்சி இல்லாததால் அவர்கள் விழிக்கவே இல்லை. அதன்பின் வீட்டுக்குப் போகும் நோயாளிகள் பூனையையும் கூடவே கொண்டுபோக ஏற்பாடு செய்தார்கள்.

கால் புண்ணுக்கும் அதே கதைதான். நமக்குச் செருப்பில் ஒரு கல் சிக்கினால் அடுத்த அடியிலேயே காலை மாற்றி வைப்போம். வலி தெரியாதவர் அதே இடத்தில் ஆயிரக்கணக்கான அடிகளை வைக்கிறார். ஒவ்வோர் அடியிலும் அப்போதுதான் முளைத்த இரத்தக் குழாய்களும் தோல் உயிரணுக்களும் நசுங்குகின்றன. பிராண்ட் அந்தக் கால்களுக்கு மாவுக்கட்டு போட்டார். பாதத்தின் மேடு பள்ளம் எல்லாவற்றிலும் ஒட்டிப் பொருந்தும்படி போடும்போது, உடம்பின் பாரம் ஓரிடத்தில் விழாமல் பாதம் முழுவதும் கால் வரையும் பரவிவிடுகிறது. பல மாதங்கள், சில சமயம் பல ஆண்டுகள் ஆறாத புண்கள் அந்தக் கட்டுக்குள் மருந்தில்லாமலே ஆறின. அவருக்கு முன்பும் சிலர் இதைச் செய்ததுண்டு. ஆனால் அவர் 1966இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலுள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றபோது இம்முறையை அங்கே கொண்டுபோனார். அங்கிருந்து அது சர்க்கரை நோயாளிகளின் கால் புண் சிகிச்சையில் நிலைபெற்றது. உணர்ச்சி இழந்த பாதத்தின் அடிப்புண்ணுக்கு இன்றைக்கும் இதைவிடச் சிறந்த முறை இல்லை என்றே நான் கருதுகிறேன். பொருத்தமானவர்களுக்கு இப்படிப்பட்ட புண்களில் பெரும்பாலானவை ஆறு முதல் எட்டு வாரங்களில் மூடிவிடுகின்றன.

மாவுக்கட்டு எல்லோருக்கும் ஏற்றதன்று. காலுக்கு இரத்த ஓட்டம் குறைந்திருந்தாலோ, உள்ளே சீழ் இருந்தாலோ, எலும்புவரை கிருமி போயிருந்தாலோ அதைப் போடக் கூடாது. ஆகவே முதலில் பாத நாடியைப் பார்க்கச் சொல்லுங்கள்; தேவைப்பட்டால் ஒலியலையால் இரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் எடுக்க வேண்டும். நைலான் இழையை வைத்துப் பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

ஜெல் விஷயத்துக்கு வருகிறேன். புண் உண்டானவுடன் இரத்தத் தட்டணுக்கள் வந்து அடைக்கின்றன. அடுத்து வெள்ளணுக்கள் கிருமிகளை அழிக்கின்றன. பிறகு மேக்ரோஃபேஜ் என்னும் பெரிய அணுக்கள் குப்பையை அகற்றி, ‘இனிக் கட்டலாம்’ என்ற இரசாயனச் செய்திகளை அனுப்புகின்றன; வளர்ச்சிக் காரணிகள் என்பவை இத்தகைய செய்திகளே. அதன்பின் ஃபைப்ரோபிளாஸ்ட் என்னும் அணுக்கள், தோலுக்கு வலிமை தரும் கொலாஜன் என்ற புரத இழையை நெய்கின்றன. எட்டு மாதப் புண் இந்தத் தொடரில் இரண்டாம் கட்டத்திலேயே சிக்கிக் கிடக்கிறது. அங்கே குவிந்த வெள்ளணுக்களின் நொதிகள், புதிதாக நெய்யப்படும் கொலாஜனையும் வளர்ச்சிக் காரணிகளையும் சேர்த்தே அரிக்கின்றன. கிருமிகளோ பாசி போல ஒரு படலம் கட்டிக்கொண்டு மருந்துக்கு எட்டாமல் இருக்கின்றன. இந்த நிலையில் வெளியிலிருந்து வளர்ச்சிக் காரணியைத் தடவினால் என்ன என்ற யோசனையில் பிறந்ததே, தட்டணுக்களிலிருந்து கிடைக்கும் காரணியை மரபணுப் பொறியியலால் உண்டாக்கிய பெகாப்ளெர்மின் ஜெல். அமெரிக்கா 1997இல் அதற்கு அனுமதி கொடுத்தது. அதற்கான முக்கிய ஆய்வில் 20 வாரங்களில் ஜெல் தடவியவர்களில் 50 சதவீதத்தினருக்குப் புண் முழுவதும் மூடியது. மருந்தில்லாத வெறும் ஜெல் தடவியவர்களில் 35 சதவீதத்தினருக்கு மூடியது. வேறுபாடு உண்மையானதுதான். ஆனால் அந்த 35 சதவீதத்தைப் பாருங்கள்: இறந்த சதையை ஒழுங்காக வெட்டி எடுத்து, காலுக்குப் பாரம் கொடுக்காமல் வைத்ததன் பலன் அது. இதைச் செய்யாமல் ஜெல்லை மட்டும் தடவுவது பணத்தைப் புண்ணில் ஊற்றுவதாகவே முடியும்.

புண் ஆழமாக இருந்தால் உறிஞ்சுக் கட்டு உதவும். அமெரிக்காவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் அர்ஜென்டாவும் மைக்கேல் மோரிக்வாஸும் பன்றிகளில் சோதித்து, நோயாளிகளிடம் பயன்படுத்தி, 1997இல் வெளியிட்ட முறை அது. புண்ணுக்குள் நுரைப்பஞ்சை வைத்து, மேலே காற்றுப் புகாத தாளை ஒட்டி, 125 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு உறிஞ்சினால், தேங்கிய நீர் வெளியேறி வீக்கம் வடிகிறது. பஞ்சின் சிறு துளைகள் சதையை இழுப்பதால் உயிரணுக்கள் பெருகத் தூண்டப்படுகின்றன. சில மருத்துவமனைகளில் வார்டுச் சுவரிலுள்ள உறிஞ்சு குழாயையே இணைத்துக் குறைந்த செலவில் இதைச் செய்கிறார்கள். அதற்கும் முதல் தேவை, அப்பா கடைக்கு நடந்து போகாமல் இருப்பதே. அவரிடம் ‘புண்ணுக்கு மருந்து போடுகிறோம்’ என்று சொல்வதைவிட, ‘கால் ஆறும்வரை அதன்மேல் நிற்காதீர்கள் அப்பா’ என்று சொல்லி, கடைக்கு வேறு ஆளை அனுப்புங்கள்.

கேள்வி: மகளுக்கு இரண்டாவதாகக் காது குத்திய இடத்தில் புளியங்கொட்டை அளவுக்குத் தழும்பு தடித்தது. வெட்டி எடுத்தோம். ஆறு மாதத்தில் நெல்லிக்காய் அளவுக்கு வளர்ந்துவிட்டது. தழும்பே இல்லாமல் ஆறவைக்க ஆராய்ச்சி நடப்பதாகப் படித்தேன். அது எப்போது நமக்குக் கிடைக்கும்? (வாசகி, திருச்சி)

பதில்: மகளுக்கு வந்திருப்பது கெலாய்டு. சாதாரணத் தடித்த தழும்பு காயத்தின் எல்லைக்குள் நின்றுவிடும், ஓராண்டில் தணியவும் கூடும். கெலாய்டு எல்லையைத் தாண்டிப் பரவும், தானாகத் தணியாது. கறுத்த தோலுடையவர்களுக்கு அதிகம். குடும்பத்தில் தொடர்வதும் உண்டு. வெறுமனே வெட்டினால் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குத் திரும்ப வளர்கிறது, ஏனென்றால் வெட்டிய காயமும் ஒரு புதிய காயம்தான். இனி ஸ்டீராய்டு ஊசியைச் சில வார இடைவெளியில் கெலாய்டுக்குள்ளேயே போட்டுச் சுருக்கிப் பார்க்க வேண்டும். மறுபடி வெட்டுவதாக இருந்தால், வெட்டிய பிறகு அதே ஊசியையோ குறைந்த அளவுக் கதிர்ச் சிகிச்சையையோ சேர்த்து, அழுத்தம் தரும் காதணியையும் அணிய வேண்டும். குழந்தைக்குக் கதிர்ச் சிகிச்சையைத் தவிர்ப்பார்கள். வேறெங்கும் குத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆராய்ச்சி பற்றிக் கேட்டது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தாயின் கருவிலிருக்கும் சிசுவின் தோலில், ஏறத்தாழ 24 வாரத்துக்கு முன் உண்டாகும் காயம் தழும்பில்லாமல் ஆறிவிடுகிறது. மயிர்க்கால் உட்பட எல்லாம் முன்போலவே அமைந்துவிடுகின்றன. பனிக்குட நீரின் மகிமையோ என்று முதலில் நினைத்தார்கள். வளர்ந்த ஆட்டின் தோலைக் கருவிலிருக்கும் ஆட்டுக்குட்டியின் உடம்பில் ஒட்டி, அங்கே காயம் உண்டாக்கிப் பார்த்தார் அமெரிக்க அறுவை மருத்துவர் மைக்கேல் லாங்கேக்கர். அதே நீரில் கிடந்தும் அந்தத் தோல் தழும்போடுதான் ஆறியது. ஆக, இரகசியம் நீரில் இல்லை, தோலின் அணுக்களில் இருக்கிறது. கருவின் தோலில் டிஜிஎஃப் பீட்டா என்னும் காரணியின் மூன்றாம் வகை மிகுந்தும் முதல் வகை குறைந்தும் இருப்பதைக் கண்டு, அந்த மூன்றாம் வகையையே ஊசி மருந்தாக்கினார்கள் மான்செஸ்டரில். தொடக்க ஆய்வுகள் பெரும் நம்பிக்கை தந்தன. 2011இல் இறுதிக்கட்டச் சோதனையில் அது தோற்றது.

பிறகு லாங்கேக்கரும் ஜெஃப்ரி கர்ட்னரும் உள்ளிட்ட ஸ்டான்ஃபோர்டு குழு வேறு வழியில் போனது. எலியின் முதுகுத் தோலில் தழும்பின் பெரும்பகுதியை நெய்வது ஒரு குறிப்பிட்ட ஃபைப்ரோபிளாஸ்ட் வம்சம் என்று 2015இல் காட்டினார்கள். காயத்தின் இருபுறமும் தோல் இழுபடும் விசையே அந்த வம்சத்தைத் தூண்டுகிறது என்றும், கண் நோய்க்குப் பயன்படும் வெர்டிபோர்ஃபின் மருந்து அந்த விசைச் செய்தியைத் தடுக்கும்போது எலியின் காயம் மயிர்க்கால்களோடும் சுரப்பிகளோடும் ஆறுகிறது என்றும் 2021இல் வெளியிட்டார்கள். தழும்பு அதிகம் தடிப்பது நெஞ்சின் நடுவிலும் தோளிலும் என்பது எங்களுக்குப் பழைய அனுபவம். அங்கெல்லாம் தோல் எப்போதும் இழுபட்டுக்கொண்டிருக்கும். அறுவை மருத்துவர் தோல் மடிப்பின் போக்கிலேயே கீறுவதும், உள்தையல் போட்டு மேல்தையலில் இழுப்பு இல்லாமல் பார்த்துக்கொள்வதும், மாதக்கணக்கில் பிளாஸ்திரி ஒட்டிவைக்கச் சொல்வதும் அந்த விசையைக் குறைக்கத்தான். கையால் கண்டுகொண்டிருந்த ஒன்றுக்கு ஆய்வகம் காரணம் சொன்னபோது எங்களில் பலருக்கு உண்டான மகிழ்ச்சி பெரிது.

ஆனால் எலி மனிதன் அன்று. எலியின் தோலுக்கு அடியில் ஒரு தசைப்படலம் உண்டு. காயம் பட்டதும் அது சுருக்குப்பை போலச் சுருங்கி மூடிவிடும். மனிதனைப் போல ஆறவைக்க, எலியின் காயத்தைச் சுற்றி சிலிக்கோன் வளையத்தைத் தைத்து வைத்தே சோதிக்கிறார்கள். எலியில் வென்று மனிதரிடம் தோற்ற மருந்துகள் இத்துறையில் நிறைய உண்டு. ஆகவே மகளின் காதுக்கு இப்போது கையிலிருக்கும் ஊசியையும் அழுத்தத்தையும் நம்புங்கள். ‘தழும்பில்லா சிகிச்சை’ என்று விளம்பரம் செய்வோரிடம் போக வேண்டாம்.

கேள்வி: விபத்தில் கன்னத்தில் பட்ட காயம் ஆறி நான்கு மாதமாகிறது. தழும்பு இன்னும் சிவந்து மேடாக இருக்கிறது. உடனே அறுவை செய்து சரிசெய்யக் கேட்டால், ஓராண்டு பொறுக்கச் சொல்கிறார்கள். ஏன்? (வாசகர், காரைக்குடி)

பதில்: வெளியே ஆறிவிட்டாலும் உள்ளே வேலை முடியவில்லை. எலிகளில் அளந்து பார்த்ததில், தைத்த காயத்துக்கு ஒரு வாரத்தில் பழைய தோலின் வலிமையில் 3 சதவீதமும், மூன்று வாரத்தில் சுமார் 20 சதவீதமும், மூன்று மாதத்தில் ஏறத்தாழ 80 சதவீதமும் கிடைக்கிறது. அதற்கு மேல் ஏறுவதில்லை. அவசரத்தில் போட்ட மெல்லிய கொலாஜன் இழைகளைப் பிரித்துவிட்டு, தடித்த இழைகளை இழுப்பின் திசையில் அடுக்கும் வேலை மனிதரிடம் ஓராண்டுக்கு மேலும் நடக்கிறது. அது முடியும்போது சிவப்பு வெளுத்து, மேடு தணியும். பலருக்கு அறுவையின் தேவையே குறைந்துவிடுகிறது.

கொலாஜன் என்பது மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிய கயிறு. அந்த மூவிழை வடிவத்தை முதலில் கண்டவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். கங்காருவின் வால் தசைநாணில் எக்ஸ்ரே பாய்ச்சி எடுத்த படங்களிலிருந்து கணித்து 1954இல் வெளியிட்டு, 1955இல் திருத்திய வடிவத்தைத் தந்தார்கள். அந்தக் கயிறு உறுதியாக முறுக்கேற வைட்டமின் சி தேவை. 1740களில் ஆன்சன் என்ற ஆங்கிலத் தளபதியின் உலகக் கடற்பயணத்தில், வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய் கண்ட ஒரு மாலுமிக்கு, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் 1690இல் அயர்லாந்தின் பாய்ன் போரில் பட்டு ஆறிய காயங்கள் மீண்டும் திறந்துகொண்டதாகப் பதிவாகியிருக்கிறது. ஐம்பது ஆண்டுப் பழைய தழும்பைக்கூட உடம்பு அழித்து அழித்துப் புதிதாக நெய்துகொண்டே இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. நெல்லிக்காயும் கொய்யாவும் உண்ணுங்கள், புரதம் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், புகைப்பதாக இருந்தால் நிறுத்துங்கள், வெயில் படாமல் தழும்பை மறையுங்கள், சிலிக்கோன் தாளை ஒட்டி வையுங்கள். கண் இமை மூடாமல் இழுத்தாலோ, வாய் கோணினாலோ, கழுத்தோ மூட்டோ மடங்கி நின்றாலோ மட்டும் ஓராண்டு காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: ஆய்வகத்திலேயே தோலை வளர்க்க முடியும் என்று படித்தேன். அப்படியென்றால் உடம்பு முழுவதும் வெந்தவர்கள் ஏன் இன்னும் இறக்கிறார்கள்? (மருத்துவ மாணவி, மதுரை)

பதில்: தோல் உயிரணுவை ஆய்வகத்தில் பெருக்கும் வழியை 1975இல் ஜேம்ஸ் ரைன்வால்டும் ஹோவர்டு கிரீனும் கண்டார்கள். 1983இல் பாஸ்டனில், உடம்பில் 95 சதவீதத்துக்கு மேல் வெந்துபோன இரண்டு சிறுவர்களுக்கு, அவர்களிடமே எஞ்சிய அஞ்சல் தலை அளவுத் தோலிலிருந்து வளர்த்த படலங்களைக் கொண்டு உடம்பின் பாதியளவை மூடினார்கள். இருவரும் பிழைத்தார்கள். ஆனால் அப்படி வளர்வது மேல்தோல் மட்டுமே. வலிமையும் நெகிழ்வும் தரும் அடித்தோல் இல்லாததால் அது எளிதில் கொப்புளித்து உரிகிறது. அடித்தோலுக்காக ஜான் பர்க்கும் இயோனிஸ் யன்னாஸும் மாட்டின் கொலாஜனையும் சுறாவின் குருத்தெலும்பிலிருந்து எடுத்த பொருளையும் சேர்த்து ஒரு பஞ்சு செய்து, மேலே சிலிக்கோன் தாளை ஒட்டி, 1981இல் நோயாளிகளில் பயன்படுத்திக் காட்டினார்கள். அந்தப் பஞ்சுக்குள் நோயாளியின் சொந்த அணுக்கள் குடியேறி அடித்தோலை அமைத்துக்கொள்கின்றன.

இவ்வழியின் மிக உயர்ந்த வெற்றி 2015இல் ஜெர்மனியில் போஹும் (Bochum) என்ற நகரில் நடந்தது. பிறவி மரபணுக் குறையால் தொட்டாலே தோல் உரியும் நோயுள்ள ஏழு வயது சிரியச் சிறுவனுக்கு, நான்கு சதுர சென்டிமீட்டர் தோலை எடுத்து, இத்தாலியின் மிகேலே டி லூக்கா குழு அதில் சரியான மரபணுவைச் சேர்த்து வளர்த்துக் கொடுக்க, அவன் உடம்பின் 80 சதவீதத் தோலை மருத்துவர்கள் மாற்றினார்கள்.

உங்கள் கேள்விக்கு விடை காலத்தில் இருக்கிறது. ஆய்வகத்தில் தோல் வளர மூன்று நான்கு வாரங்கள் ஆகும். பெரும் செலவும் ஆகும். வெந்த உடம்போ அந்த வாரங்களில் நீரையும் புரதத்தையும் இழந்து, கிருமிக்குத் திறந்து கிடக்கிறது. அதுவரை மூடிவைக்க ஏதாவது வேண்டும். அதற்குக் கிடைப்பவற்றில் மிகச் சிறந்தது இறந்தவர் கொடுத்த தோல். இறந்து ஆறு மணி நேரத்துக்குள், தொடையிலும் காலிலும் முதுகிலும் மெல்லிய படலம் மட்டும் எடுக்கப்படும். ஏறத்தாழ முக்கால் மணி நேரத்தில் வேலை முடியும். முகத்தைத் தொடுவதில்லை, உடம்பு உருக்குலைவதில்லை, கட்டுப்போட்டு, சடங்குக்கு ஒப்படைத்துவிடுவார்கள். இரத்த வகை பொருந்த வேண்டியதில்லை. 85 சதவீதக் கிளிசராலில் குளிர்நிலையில் வைத்தால் ஐந்து ஆண்டுவரை கெடாது. கண் தானத்துக்குத் தயங்காத நம் வீடுகளில், தோலைக் கொடுக்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

வேற்றாள் தோலை உடம்பு ஏற்காது என்பதை 1943இல் கிளாஸ்கோவில் ஒரு தீக்காய நோயாளியிடம் பீட்டர் மெடவாரும் தாமஸ் கிப்சனும் காட்டினார்கள். ஆகவே தானத் தோலும் இரண்டு மூன்று வாரங்களில் உதிர்ந்துவிடும். அந்த நாட்களுக்குள் நோயாளியின் தொடையில் முதல்முறை சீவிய இடம் ஆறி, இரண்டாம் முறை தோல் எடுக்க ஆயத்தமாகிவிடும்.